பாவித்த கிற்றாருக்கு என்ன விலை?

கையில் இருக்கும் எலெக்ட்ரிக் கிற்றாரை விற்கலாமா வேண்டாமா என்று யோசிக்கிறவர்கள் பெரும்பாலும் முதலில் மனத்தைக் கேட்கிறார்கள். மனம் ‘சரி, போகட்டும்’ என்று இறங்கி வந்த பிறகு, பழைய பற்றுச்சீட்டைத் தேடி எடுத்து விலையைத் தீர்மானிக்கிறார்கள். இரண்டும் முறை மாறி நடக்கின்றன என்பதே என் கட்சி. விலையைத்தான் முதலில் கண்டுபிடிக்க வேண்டும். சரியாகக் கண்டுபிடித்த விலை, விற்பதா வைத்திருப்பதா என்பதையும் சேர்த்தே சொல்லிவிடும். அந்த விலைக்கும் பற்றுச்சீட்டுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. அதே தரத்தில் இன்னொன்றை இன்றைக்கு வாங்கித் திருகோணமலை மாவட்டத்து ஈச்சிலம்பற்றில் கொண்டுவந்து இறக்க எவ்வளவு முடியும் என்று பார்த்து, அதிலிருந்து தேய்மானத்தையும் திருத்தச் செலவையும் கழித்தால் மிஞ்சுவதுதான் விலை. கொழும்பில் இருப்பவருக்கும் வெருகல் ஆற்றங்கரையில் இருப்பவருக்கும் இந்தக் கணக்கு ஒரே விடையைத் தராது. அதனால்தான் ஊரின் பெயரைச் சொல்லியே பேச வேண்டியிருக்கிறது.

பற்றுச்சீட்டை ஏன் ஒதுக்க வேண்டும் என்பதற்கு நம் நாட்டைவிடப் பெரிய சான்று வேண்டியதில்லை. 2020 தொடக்கத்தில் ஒரு டொலர் 180 ரூபாவை ஒட்டி இருந்தது. 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ஐ ஒட்டி நின்றது, மே மாதத்தில் 360 ஐத் தாண்டியது, பிறகு இறங்கி இப்போது 300 ஐச் சுற்றி நிற்கிறது. வற் வரி 8 சதவீதத்திலிருந்து படிப்படியாக ஏறி 2024 ஜனவரியில் 18 ஆனது. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண் காட்டிய பணவீக்கம் 69.8 சதவீதம். இப்போது ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். வெளிநாட்டில் 200 டொலர் பெறுமதியான ஒரு கிற்றார், வரியையும் கடைக்காரரின் இலாபத்தையும் விட்டுவிட்டால், 2020 தொடக்கத்தில் 36,000 ரூபா. இன்றைக்கு அதே பொருள் 60,000. பாவித்ததை ஒருவர் 36,000 க்கு விற்றால் ‘போட்ட காசு வந்துவிட்டது, இத்தனை வருடம் வாசித்ததும் மிச்சம்’ என்று சந்தோஷப்படுவார். உண்மையில் அவர் 200 டொலர் பொருளை 120 டொலருக்குக் கொடுத்திருக்கிறார். அது நட்டம் என்று நான் சொல்லவில்லை. நன்றாகப் பாவித்த கிற்றார், புதியதன் விலையில் ஐந்தில் மூன்று பங்குக்குப் போவது எந்த நாட்டிலும் நியாயமான விற்பனைதான். ஆனால் அதைத் தெரிந்துகொண்டு செய்வது வேறு, பற்றுச்சீட்டைப் பார்த்து ஏமாந்து செய்வது வேறு. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்ற பிறகு பழைய கார்கள் வாங்கிய விலையைவிடக் கூடுதலாகக் கைமாறியதை எல்லோரும் பார்த்தோம். 2025 பெப்ரவரியில் இறக்குமதி மறுபடி தொடங்கும்வரை, பழைய காரின் விலையைப் பற்றிப் பேசிய எவரும் அதன் பற்றுச்சீட்டைக் கேட்கவில்லை. காருக்குத் தெரிந்த நியாயம் கிற்றாருக்கு மட்டும் ஏன் மறந்துபோகிறது?

இதற்கு ஒரு மறுப்பு உண்டு. ‘நான் இன்னொரு கிற்றார் வாங்கப் போவதில்லை. வாசிப்பதையே விட்டுவிட்டேன். புதியதன் விலை எனக்கு எதற்கு?’ நல்ல கேள்வி. உங்களுக்குத் தேவையில்லைதான், ஆனால் வாங்க வருகிறவருக்குத் தேவை. அவர் உங்கள் வாத்தியத்தை உங்கள் பழைய பற்றுச்சீட்டோடு ஒப்பிடுவதில்லை, கடையில் தொங்கும் புதியதோடு ஒப்பிடுகிறார். புதியது கிடைக்காத காலத்தில் பழையதுதான் சந்தை. நித்தி கனகரத்தினமும் ஏ. ஈ. மனோகரனும் ஈழத்துப் பொப் இசையைப் பட்டிதொட்டியெங்கும் கொண்டுபோன 1970களை நினைத்துப் பாருங்கள். கிற்றார் இல்லாமல் நடக்காத அந்த இசை வளர்ந்த காலமும், 1970 முதல் 1977 வரை இறக்குமதியை அரசு இறுக்கிப் பிடித்திருந்த காலமும் ஒன்றுதான். அப்போது கையில் ஒரு வாத்தியம் வைத்திருந்தவருக்கும், 1977 இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்ட பின் வைத்திருந்தவருக்கும் மரமும் கம்பியும் மாறவில்லை. கடையில் புதியது இருக்கிறதா என்பதுதான் மாறியது.

அடுத்தது கழிவு. இங்கேதான் விற்கிறவர்கள் கண்ணை மூடிக்கொள்கிறார்கள். வீணையில் மெட்டு இருப்பதுபோலக் கிற்றாரின் கழுத்தில் ஃபிரெட் இருக்கிறது. அது நிக்கல் கலந்த மென்மையான உலோகம், கம்பி அதைவிடக் கடினம். வருடக்கணக்கில் வாசித்த வாத்தியத்தில் முதல் நாலைந்து ஃபிரெட்டுகளில், மெல்லிய கம்பிகளுக்கு நேர் கீழே, சின்னச் சின்னப் பள்ளங்கள் விழுந்திருக்கும். விரல் நகத்தை ஃபிரெட்டின் மேல் ஓடவிட்டால் நகம் அந்தப் பள்ளத்தில் தடக்கி நிற்கும். பள்ளம் ஆழமானால் கம்பி அடுத்த ஃபிரெட்டில் உரசிக் கரகரக்கும். ஒன்றிரண்டு தடவை அரத்தால் நிரவிச் சமாளிக்கலாம், அதற்குப் பிறகு மாற்றத்தான் வேண்டும். அந்த வேலை தெரிந்த கையை இந்தப் பக்கத்தில் தேடுவதைவிடக் கொழும்புக்கு அனுப்புவது எளிது. ஆகவே போய்வரும் செலவும் கழிவில் சேர வேண்டும். அதற்கு அடுத்ததாக, நம் கடற்கரைக்கே உரிய நோய் ஒன்று இருக்கிறது. பிரிட்ஜில் கம்பி உட்காரும் ஆறு சின்ன உலோகத் துண்டுகள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் எள்ளளவு திருகாணிகள். கொட்டியாரக் குடாவின் உப்புக்காற்றும் கைவியர்வையும் சேர்ந்து அவற்றைத் துருப்பிடிக்க வைத்தால், அலன் கீ சுழலாது, கம்பியின் உயரத்தை ஏற்றவோ இறக்கவோ முடியாது. பார்வைக்கு அது ஒரு சின்னக் கறைதான், வாசிக்கிறவருக்கு அது வாத்தியத்தின் முதுகெலும்பு பிடித்துக்கொண்ட மாதிரி. மாறாக, வொலியூம் குமிழைத் திருப்பும்போது கொறகொறப்பதும், வயர் செருகும் ஓட்டை தளர்ந்து சத்தம் விட்டுவிட்டு வருவதும் கேட்கப் பயமாக இருந்தாலும் அற்பக் குறைகள். மூதூரிலோ கிண்ணியாவிலோ ரேடியோ, டீவி திருத்துகிறவர் துப்புரவாக்கும் ஸ்ப்ரேயாலும் ஒரு சொட்டு ஈயத்தாலும் முடித்துவிடுவார். விலையைக் குறைக்க வேண்டிய குறையையும் குறைக்கத் தேவையில்லாத குறையையும் பிரித்தறியாதவர்தான் அடிமாட்டு விலைக்குக் கொடுத்துவிட்டு வருகிறார்.

‘பாவிக்கப் பாவிக்கத்தானே வாத்தியம் பழுக்கிறது, தேய்மானத்துக்கு ஏன் கழிக்க வேண்டும்?’ என்று கேட்பவர்களும் உண்டு. அவர்கள் காட்டும் உதாரணங்கள் பொய்யல்ல. பிங்க் ஃபுளோய்ட் குழுவின் டேவிட் கில்மோர் 1970 இல் நியூயோர்க்கில் வாங்கிய கறுப்பு ஃபென்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிற்றார், 2019 ஜூனில் கிறிஸ்டீஸ் ஏலத்தில் 39 இலட்சத்து 75 ஆயிரம் டொலருக்குப் போனது. அயர்லாந்தின் ரோரி கலாஹர் 1963 இல் 100 பவுணுக்கு வாங்கி, வர்ணம் பெரும்பகுதி உதிரும்வரை வாசித்த 1961 ஆம் ஆண்டுக் கிற்றார், 2024 இல் எட்டு இலட்சத்து எண்பதாயிரம் பவுணைத் தாண்டி விற்றது. இதைவிட வேடிக்கை, புதுக் கிற்றாரையே சுரண்டி, கீறி, துருவேற்றிப் பழசுபோலச் செய்து கூடுதல் விலைக்கு விற்பதை ஃபென்டர் நிறுவனம் 1995 முதல் ஒரு தொழிலாகவே நடத்துகிறது. ஆனால் ஏலத்தில் விலைபோனது தேய்மானமா, தேய்த்த கையா? கலாஹர் வாசிக்காத 1961 ஸ்ட்ராட்டோகாஸ்டர் ஒன்றில் அவ்வளவு வர்ணம் உதிர்ந்திருந்தால், அதன் சொந்தக்காரர் விலையைக் குறைத்துத்தான் விற்றிருப்பார். ஃபென்டர் பழசாக்கும் கிற்றாரிலும் வர்ணம்தான் உரிந்திருக்கும், ஃபிரெட் பளபளவென்று புதிதாக இருக்கும். அழகுக்கான தேய்மானத்துக்குக் காசு கொடுக்க ஆளிருக்கிறது. வாசிப்பைக் கெடுக்கும் தேய்மானத்துக்கு உலகில் எங்கும் ஆளில்லை. நம் வீடுகளில் இருப்பவையோ பெரும்பாலும் யமஹா பசிஃபிக்கா, ஸ்குவையர், அல்லது இந்தியாவிலும் சீனாவிலும் செய்த மலிவான வாத்தியங்கள். அவற்றுக்கு ஏலக் கணக்கு பொருந்தாது.

விற்கிறவரின் மனம் விலையை ஏற்றிவிடும் என்பது அனுபவத்தில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். டேனியல் கானமான், ஜாக் நெட்ச், ரிச்சர்ட் தாலர் மூவரும் 1990 இல் வெளியிட்ட ஆய்வு அதைச் சாதாரணக் கோப்பைகளை வைத்தே காட்டியது. கோப்பையைச் சற்று முன்புதான் இலவசமாகப் பெற்றவர்கள் அதை விற்கக் கேட்ட விலை, கோப்பை கிடைக்காதவர்கள் கொடுக்கச் சம்மதித்த விலையைப்போல ஏறக்குறைய இருமடங்கு. சில நிமிடம் கையில் இருந்த கோப்பைக்கே அந்தக் கதி என்றால், பத்து வருடம் தோளில் தொங்கிய கிற்றாருக்கு என்ன ஆகும்? இக்மன் போன்ற இணையத்தளங்களில் காணும் விலைகளை நான் முழுதாக நம்பாததற்கும் இதுதான் காரணம். அவை கேட்ட விலைகள், விற்ற விலைகள் அல்ல. மாதக்கணக்காக ஒரே விளம்பரம் நின்றுகொண்டிருந்தால், அந்த விலைக்கு ஆளில்லை என்பதைத்தான் அது சொல்கிறது. மனத்தின் இந்தத் தந்திரத்தை வெல்ல ஒரு வழி உண்டு. கிற்றார் உங்களிடம் இல்லை, கணக்குப் போட்டு எடுத்த அந்த விலை பணமாகக் கையில் இருக்கிறது என்று வையுங்கள். இதே பள்ளம் விழுந்த ஃபிரெட்டோடு, இதே துருவோடு, அந்தப் பணத்துக்கு அதை வாங்குவீர்களா? ஆம் என்றால் வைத்திருங்கள். இல்லை என்றால், நீங்கள் அதை விற்காமல் இருப்பது ஒவ்வொரு நாளும் அதைத் திரும்பத் திரும்ப வாங்குவதற்குச் சமம். நினைவுகளுக்குப் பெறுமதி இல்லையா என்று கேட்டால், இருக்கிறது. அது ‘ஆம்’ என்று சொல்வதற்கு ஒரு காரணமாக இருக்கலாம். விலையில் சேர்க்கும் தொகையாக மட்டும் இருக்க முடியாது, ஏனென்றால் வாங்குகிறவர் உங்கள் நினைவுகளை வாசிக்கப் போவதில்லை.

இனி ஊருக்கு வருகிறேன். ஈச்சிலம்பற்றில் இந்தக் கணக்கில் ஓர் இடைவெளி விழுகிறது. விற்கும்போது வெளியூர்க்காரர் பயணச் செலவைக் கழித்துக் கேட்பார். திரும்ப வாங்கும்போது அதே பயணச் செலவை நீங்கள் கட்ட வேண்டும். கொழும்பில் விற்கும் விலைக்கும் வாங்கும் விலைக்கும் நடுவில் ஒரு தெரு அகலம்தான், இங்கே அது திருகோணமலை–மட்டக்களப்பு A15 வீதியளவு நீளம். மிதவைப் பாதையில் ஏறி இறங்கித் திருகோணமலைக்குப் போன காலத்தோடு ஒப்பிட்டால், 2009 இல் கிண்ணியாப் பாலம் திறந்து, மற்றத் துறைகளுக்கும் பாலம் வந்தபின் இடைவெளி சுருங்கியிருக்கிறது, ஆனால் மறையவில்லை. ஆகையால் உங்கள் மனம் கிற்றாருக்குத் தரும் பெறுமதி இந்த இரண்டு விலைக்கும் இடையில் விழுந்தால், வைத்திருப்பதே இலாபம். கொழும்பு நண்பர் ‘வித்துப்போட்டு வேணுமெண்டா பிறகு வாங்கலாம்’ என்று சொல்வது அவர் தெருவுக்குச் சரி. இன்னொன்றும் உண்டு. 2004 ஆழிப்பேரலையையும் 2006 இடப்பெயர்வையும் கண்ட இந்தப் பகுதியில் ஒரு வாத்தியம் வீட்டில் இருபது வருடம் மிஞ்சியிருப்பதே அபூர்வம். அதனால் விலை கூடாது, ஆனால் திரும்பக் கிடைக்காது என்ற பக்கத்தில் தராசு கொஞ்சம் சாயும். தூரத்துக்கு ஒரு சின்ன மருந்தும் இருக்கிறது. ஃபென்டர் வகைக் கிற்றார்களில் கழுத்தை உடலோடு இணைப்பது நாலு திருகாணிகள் மட்டுமே. கம்பியைத் தளர்த்திக் கழற்றி, இரண்டாகப் பொதி செய்து பஸ்ஸில் போட்டால் கழுத்து முறியாமல் கொழும்பு போய்ச் சேரும்.

உள்ளூரில் வாங்க வருகிறவர் பெரும்பாலும் தெரிந்த பொடியனாகத்தான் இருப்பான். பாட்டுக்குழுவில் சேரத் துடிப்பவன், அல்லது தேவாலயத்தில் வாசிப்பவன். ‘அண்ணன், கடைசி விலை சொல்லுங்க’ என்று நிற்பான். ‘அவனிடம் போய் டொலர் கணக்குப் பார்ப்பதா, சும்மா கொடுத்தால் என்ன?’ என்பது நான் மிகவும் மதிக்கும் மறுப்பு. தாராளமாகக் கொடுக்கலாம். ஆனால் குறைத்துக் கொடுப்பதாக இருந்தால் விலையைச் சொல்லிவிட்டுக் குறையுங்கள்: ‘தம்பி, இதன்ட விலை முப்பதாயிரம். உனக்காகப் பத்து விட்டுத் தாறன்.’ வெறுமனே ‘இருபது தா’ என்றால், இருபதுதான் அதன் பெறுமதி என்று அவன் நினைப்பான். நாளைக்கு அவசரத்துக்கு அவன் விற்கப் போகும்போது பதினைந்துக்கு விட்டுவிடுவான். உங்கள் பத்தாயிரம் அவனுக்கும் உதவாமல் யாரோ ஒரு வியாபாரியின் பைக்குள் போகும்.

விற்பது என்று முடிவானால் காலம் தாழ்த்துவதும் செலவுதான். வாசிக்காமல் உறைக்குள் கிடக்கும் கிற்றார் வடகீழ்ப் பருவமழையின் ஈரத்தில் ஒவ்வொரு வருடமும் இன்னும் கொஞ்சம் துருவேறும். மழை தொடங்குமுன் கொடுப்பது நல்லது. புதுக் கம்பி மாட்டுங்கள், செலவு சிறியது, சத்தத்தில் வித்தியாசம் பெரியது. ஃபிரெட் வேலையை மட்டும் நீங்கள் செய்ய வேண்டாம், போட்ட செலவு விலையில் முழுதாகத் திரும்பி வராது. பள்ளத்தைக் காட்டிக் கழித்துவிடுங்கள். அம்ப் இருந்தால், உள்ளூர்ப் பொடியனுக்கு இரண்டையும் சேர்த்துக் கொடுங்கள், அம்ப் இல்லாமல் அவன் வீட்டில் அந்தக் கிற்றாரைக் கேட்க முடியாது. கொழும்புக்காரருக்குத் தனித்தனியாக விற்கலாம், பாரமான பெட்டிக்குப் பஸ்காரர் கேட்கும் காசை மறக்காமல் விலையில் வையுங்கள்.