ஐன்ஸ்டைனின் பெற்றோர் டாக்டரிடம் போனார்கள்

குடும்ப வாட்ஸ்அப் குழுக்களில் அந்தக் காணொளி மறுபடியும் சுற்றத் தொடங்கிவிட்டது. கலைந்த வெள்ளை முடியோடு ஐன்ஸ்டைன், பின்னணியில் புல்லாங்குழல், நான்கு வயதுவரை இவர் பேசவில்லை என்று மஞ்சள் எழுத்து, முடிவில் உங்கள் குழந்தையும் பேசும், பதறாதீர்கள் என்று ஓர் ஆறுதல். கீழே வரிசையாகக் கும்பிடும் கைகள். இரண்டரை வயதாகியும் ஒரு சொல் வராத பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு, நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போகலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும் தாயின் கைபேசிக்கும் அது போய்ச் சேர்கிறது. தை பிறக்கட்டும், பார்த்துக்கொள்ளலாம் என்று அவள் படுத்துவிடுகிறாள். அனுப்பியவருக்கு இது தெரியாது. நல்லது செய்துவிட்டோம் என்ற திருப்தியில் அவரும் தூங்கிவிட்டார். "ஆம்பளப் புள்ள லேட்டாத்தான் பேசும்", "அவங்க அப்பாவே நாலு வயசுலதான் வாயத் தொறந்தாரு", "ஸ்கூல்ல போட்டா எல்லாம் சரியாயிடும்". இந்த மூன்று வாக்கியங்களும் சேர்ந்து தின்று தீர்த்த மாதங்களை எந்தப் புள்ளிவிவரத் துறையும் கணக்கெடுத்ததில்லை.

அந்த ஐன்ஸ்டைனையே முதலில் எடுத்துக்கொள்வோம். அவர் பிறந்தது 1879 மார்ச்சில். தங்கை மாயா பிறந்தது 1881 நவம்பரில், அதாவது அண்ணனுக்கு இரண்டு வயது எட்டு மாதம் ஆனபோது. விளையாட ஒன்று வரப்போகிறது என்று வீட்டில் சொல்லிவைத்திருந்ததால், குழந்தையைப் பார்த்ததும் இதற்குச் சக்கரங்கள் எங்கே என்று அவர் கேட்டதாக மாயாவே பிற்காலத்தில் எழுதிவைத்திருக்கிறார். மூன்று வயதுக்கு முன்பே தங்கைக்குச் சக்கரம் தேடியவர் நான்கு வயதுவரை மௌனமாக இருந்தது எப்படி என்பதை மஞ்சள் எழுத்துக்காரர்கள்தான் விளக்க வேண்டும். பேச்சு கொஞ்சம் தாமதமாக வந்தது என்னவோ உண்மை. 1954ஆம் ஆண்டுக் கடிதம் ஒன்றில் அவரே அதைச் சொல்லியிருக்கிறார். ஆனால் அதே கடிதத்தில், தாமதத்தைக் கண்டு பெற்றோர் கவலைப்பட்டு மருத்துவரிடம் ஆலோசனை கேட்டார்கள் என்றும் சொல்லியிருக்கிறார். இதை எந்தக் காணொளியும் சொல்வதில்லை. ஸ்பீச் தெரபி என்று பலகை மாட்டிய இடம் ஒன்றுகூட இல்லாத 1880களின் மியூனிக்கில், அந்தப் பெற்றோர், ஹெர்மனும் பாலினும், பிள்ளை பேசவில்லையே என்று டாக்டரிடம் போனார்கள். பேச்சுப் பயிற்சியாளரும் செவித்திறன் சோதனையும் அரசு மருத்துவமனையிலேயே இலவசமாகக் கிடைக்கும் காலத்தில் வாழும் நாம், அவர்கள் பெற்ற பிள்ளையின் படத்தைக் காட்டி, போக வேண்டாம் என்கிறோம்.

வெள்ளைக்காரர் உதாரணம் பிடிக்காதவர்கள் குமரகுருபரரை எடுத்துவருவார்கள். ஐந்து வயதுவரை பேசாமல் இருந்து, திருச்செந்தூர் முருகன் அருளால் வாய் திறந்து கந்தர் கலிவெண்பா பாடினார் என்பது வரலாறு. இருக்கட்டும். அந்தக் கதையிலும் ஸ்ரீவைகுண்டத்துப் பெற்றோர் திண்ணையில் உட்கார்ந்து தானாகச் சரியாகிவிடும் என்று வெற்றிலை போட்டுக்கொண்டிருக்கவில்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு செந்தூருக்குப் போய் அங்கேயே விரதம் கிடந்தார்கள். தங்கள் காலத்தில் எது உச்ச நீதிமன்றமோ அங்கே மனுப் போட்டார்கள். சும்மா இருந்தால் பேசும் என்பதற்கு ஆதாரமாக நாம் காட்டும் இரண்டு பெரியவர்களின் பெற்றோரும் சும்மா இருக்கவில்லை.

பெரியப்பா, சித்தப்பா உதாரணங்களுக்கு வருவோம். தாமதமாகப் பேசி, பிறகு வங்கியில் மேலாளரானவர் கல்யாண வீட்டில் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். எல்லோரும் அவரைக் கைகாட்டுகிறார்கள். பேசாமலே போய்விட்ட இன்னொருவன் எல்லாக் குடும்பத்திலும் உண்டு. அவன் கல்யாணத்துக்கு அழைத்துவரப்படுவதில்லை, பத்திரிகையில் பெயர் போடப்படுவதில்லை, உதாரணமாகவும் சொல்லப்படுவதில்லை. பிழைத்தவர்களை மட்டும் எண்ணி ஆற்றின் ஆழத்தைச் சொல்லும் கணக்கு இது. இரண்டு வயதில் சொற்கள் குறைவாக இருக்கும் குழந்தைகளில் பலர் பள்ளி வயதுக்குள் மற்றவர்களை எட்டிப்பிடித்துவிடுவார்கள் என்பது மருத்துவர்களுக்கும் தெரியும். உங்கள் பிள்ளை அந்தப் பலரில் ஒருவனா இல்லையா என்பதைப் பெரியப்பாவின் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. பிள்ளையைச் சோதித்துத்தான் சொல்ல முடியும். சோதித்து ஒன்றுமில்லை என்று தெரிந்தால் ஒரு நாள் கூலியும் பஸ் கட்டணமும் நஷ்டம். சோதிக்காமல் இருந்து ஏதோ இருந்துவிட்டால்?

காது கேளாமையை எடுத்துக்கொண்டால் இந்த நஷ்டத்தின் அளவு துல்லியமாகத் தெரியும். கதவைச் சாத்தினால் திரும்பிப் பார்க்கிறான், குக்கர் விசில் அடித்தால் அழுகிறான், ஆகவே காது கேட்கிறது என்று வீடு தீர்ப்பு எழுதிவிடுகிறது. கதவு அதிர்வது உடம்புக்கே தெரியும். குக்கர் சத்தம் பாதிக் காது கேட்பவனுக்கும் கேட்கும். ச, ஸ, ஃப போன்ற மெல்லிய ஒலிகள் கேட்காத பிள்ளை எந்த மொழியைக் கற்றுக்கொள்ளும்? கொலராடோ பல்கலைக்கழகத்தின் கிறிஸ்டீன் யோஷினாகா-இட்டானோவும் சக ஆய்வாளர்களும் 1998இல் வெளியிட்ட ஆய்வில் செவித்திறன் குறைந்த 150 குழந்தைகள் இருந்தார்கள். ஆறு மாதத்துக்குள் குறை கண்டறியப்பட்டு உடனே உதவி பெற்றவர்கள், பின்னால் கண்டறியப்பட்டவர்களைவிட மொழியில் தெளிவாக முன்னே நின்றார்கள். வித்தியாசத்தை உண்டாக்கியது பணமோ பரம்பரையோ அல்ல, ஆறு மாதம் என்ற கோடு. பிறந்த ஒரு மாதத்துக்குள் சோதனை, மூன்று மாதத்துக்குள் உறுதி, ஆறு மாதத்துக்குள் சிகிச்சை என்று பல நாடுகளில் விதி வைத்திருப்பது இதனால்தான். ஒலியே வராத செவிப்பகுதியை மூளை காலியாக வைத்துக்கொண்டு காத்திருப்பதில்லை. ஒலியைச் செவி நரம்புக்கு நேரே அனுப்பும் காக்ளியர் கருவியை மூன்றரை வயதுக்குள் பொருத்திய பிள்ளைகளின் மூளை ஒலிக்கு ஏறக்குறைய இயல்பாகப் பழகிக்கொள்கிறது. ஏழு வயதுக்கு மேல் பொருத்தினால் பெரும்பாலும் அப்படிப் பழகுவதில்லை. தமிழக முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் காக்ளியர் அறுவை சிகிச்சைக்கு ஆறு வயது என்று வரம்பு வைத்திருப்பதைக் கருணையற்ற விதி என்று திட்டுகிறவர்கள் உண்டு. அதே ஆறு ஆண்டுகளும் ஐன்ஸ்டைன் படத்தை அனுப்பிக்கொண்டிருந்தவர்கள்தான் பல சமயம் அப்படித் திட்டுகிறார்கள்.

இவர்களிடம் இன்னொரு விசித்திரம் உண்டு. இரண்டு வயதில் இன்னும் நேரமிருக்கிறது என்பார்கள். ஆறு வயதானதும் எல்லாம் தலையெழுத்து, இனி என்ன செய்ய முடியும் என்பார்கள். அவசரமில்லை என்பதற்கும் பயனில்லை என்பதற்கும் நடுவே ஏதாவது செய்யலாம் என்ற ஒரு நாள்கூட இவர்கள் நாட்காட்டியில் வருவதில்லை. தலையெழுத்துக்காரர்களுக்கு அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் 1930களில் நடந்ததைச் சொல்ல வேண்டும். ஹரோல்ட் ஸ்கீல்ஸ் என்ற உளவியலாளர், அநாதை இல்லத்தில் வளர்ச்சி குன்றியவை என்று ஒதுக்கப்பட்ட 13 சின்னக் குழந்தைகளை, அறிவுத்திறன் குறைந்த பெண்கள் வாழ்ந்த விடுதிக்கு மாற்றினார். அந்தப் பெண்கள் குழந்தைகளைத் தூக்கினார்கள், பேசினார்கள், போட்டி போட்டுக்கொண்டு விளையாட்டுக் காட்டினார்கள். பதின்மூன்று பேரின் நுண்ணறிவு அளவும் சராசரியாக 27 புள்ளிக்கு மேல் ஏறியது. அநாதை இல்லத்திலேயே விடப்பட்ட 12 குழந்தைகளுடையது ஏறக்குறைய அதே அளவு சரிந்தது. இருபது ஆண்டுகளுக்குப் பிறகு தேடிப் பார்த்து 1966இல் அவர் எழுதியபோது, அந்தப் பதின்மூன்று பேரும் சொந்தக் காலில் நின்றார்கள். சிறிய ஆய்வு, முறையில் குறைகள் உண்டு என்று வாதிடலாம், வாதிட்டிருக்கிறார்கள். ஊரார் புத்தியில்லாதவர்கள் என்று பூட்டிவைத்த பெண்கள் செய்ததை, பட்டம் வாங்கிய நம் பெரியப்பாக்கள் செய்ய விடவில்லையே என்பதுதான் இங்கே விஷயம்.

தெரபி என்றதும் நம்மவர்களுக்கு மின்சார அதிர்ச்சியும் விலையுயர்ந்த இயந்திரமும் நினைவுக்கு வருகின்றன. சின்னப் பிள்ளைகளுக்குச் செய்யப்படுவதில் பெரும்பகுதி தரையில் உட்கார்ந்து செய்வது. பந்தை உருட்டி, அதைக் கேட்கும்வரை பொறுத்து, கேட்டதும் பெயரைச் சொல்லிக் கொடுப்பது. மூளை முடக்குவாதம் உள்ள பிள்ளையை எப்படித் தூக்க வேண்டும், எப்படி உட்காரவைத்து ஊட்ட வேண்டும் என்று தாய்க்குப் பழக்குவது. டவுன் சிண்ட்ரோம் பெரும்பாலும் பிறந்த அன்றே முகத்தில் தெரிந்துவிடுகிறது. அங்கேகூட நடக்கும்போது நடக்கட்டும் என்று விட்டுவிடும் வீடுகள் உண்டு. இந்தப் பயிற்சிகளெல்லாம் நேற்று வந்த நாகரிகமும் இல்லை. சென்னையில் பாலவித்யாலயா, காது கேளாத கைக்குழந்தைகளுக்கு 1969 முதல் பேச்சு கற்றுக்கொடுத்துச் சாதாரணப் பள்ளிகளுக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறது. தென்காசிக்குப் பக்கத்தில் ஆய்க்குடி அமர் சேவா சங்கத்தின் பணியாளர்கள் கிராமம் கிராமமாக வீட்டுக்கே போகிறார்கள். 2013இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின் கீழ் மாவட்டந்தோறும் ஆரம்ப நிலை இடையீட்டு மையம் இருக்க வேண்டும். தமிழ்நாட்டில் மருத்துவக் கல்லூரிகளிலும் தலைமை மருத்துவமனைகளிலும் அவை இருக்கின்றன. அங்கே பேச்சுப் பயிற்சியாளரும் இயன்முறை மருத்துவரும் சிறப்பாசிரியரும் ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்திருப்பது மாவட்டத்தில் எத்தனை பேருக்குத் தெரியும்? பொங்கல் பரிசுத் தொகுப்பு வந்தால் அரை மணியில் ஊருக்கே தெரிகிறது. அரசையும் விட்டுவிட முடியாது. ஒப்பந்தச் சம்பளத்தில் ஆளை வைத்து, மாவட்டத் தலைநகரில் ஓர் அறையைத் திறந்துவைத்தால், வாரம் இரண்டு முறை கூலியை விட்டுவிட்டு மலையடிவாரத்திலிருந்து யார் வருவது? அந்த இடைவெளியில்தான் தெருவுக்குத் தெரு தனியார் தெரபி சென்டர்கள் முளைக்கின்றன. ஆட்டிசத்துக்கு ஸ்டெம் செல் சிகிச்சை பரிந்துரைக்கத்தக்கதல்ல என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022இல் சொன்ன பிறகும் அதை லட்சக்கணக்கில் விற்றவர்கள் இருக்கிறார்கள். பொறுங்கள் என்ற அறிவுரைதான் அவர்களுக்கு ஆள் பிடித்துக் கொடுக்கிறது. ஐந்து வருடம் பொறுத்துவிட்டுப் பதறி ஓடும் அப்பன் எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போடுவான்.

காத்திருக்கும் காலத்தில் வீடு சும்மாவும் இருப்பதில்லை. வசம்பைச் சுட்டு நாக்கில் தடவுகிறது. சொந்தத்தில் கட்டியது யார் வீட்டு யோசனை என்று விசாரணை நடத்துகிறது. தாய்மாமனைக் கட்டிவைத்த அதே பெரியவர்கள்தான் நீதிபதிகள். கடைசியில் தாய் வேலைக்குப் போனதும் கைபேசியைக் கொடுத்ததுமே காரணம் என்று தீர்ப்பாகிறது. கைபேசியைப் பிடுங்க வேண்டியதுதான், மறுக்கவில்லை. பிடுங்கிவிட்டு அடுத்த நாளே காதைச் சோதிக்கலாம். இரண்டையும் சேர்த்துச் செய்யக்கூடாது என்று யாரும் தடை போடவில்லை. ஐன்ஸ்டைன் கையில் கைபேசி இல்லை, அப்போதும் பேச்சு தாமதமானது, அப்போதும் டாக்டரிடம் போனார்கள்.

டாக்டரிடம் போனால் பிள்ளைமேல் முத்திரை குத்திவிடுவார்கள் என்பது படித்தவர்களின் தடை. நான்கு வயதில் தெருவே அவனுக்கு ஊமை என்று பெயர் வைக்கும். வகுப்பில் மக்கு என்பார்கள். காது கேட்காமல் திரும்பாதவனைத் திமிர் பிடித்தவன் என்று பிரம்பெடுப்பார்கள். ஊர் குத்தும் இந்த முத்திரைகளுக்கு மேல்முறையீடு கிடையாது. மருத்துவர் எழுதும் பெயருக்கு ஒரு திட்டம் உண்டு, ஒரு பயிற்சி உண்டு, ஆறு மாதம் கழித்து மறுபரிசோதனை உண்டு. முத்திரைக்குப் பயந்தவர்கள் எல்கேஜி சேர்க்கைக்கு மட்டும் பிள்ளையைக் குளிப்பாட்டிப் பவுடர் பூசி வரிசையில் நிற்கிறார்கள். நேர்முகத் தேர்வு வைக்கக்கூடாது என்று 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது, வைக்கிறார்கள். ஏராளமான குழந்தைகளின் வளர்ச்சி முதன்முதலாகச் சோதிக்கப்படுவது அந்தப் பள்ளி அறையில், இடமில்லை என்று சொல்வதற்காக.

மிஞ்சியிருப்பது ஒரே ஒரு கனமான வாதம்: டாக்டரே பொறுத்துப் பார்க்கலாம் என்றாரே. சொல்லியிருப்பார், அதிலும் சில சமயம் நியாயம் இருக்கும். தடுப்பூசி அட்டையில் ஆறு வாரம், பத்து வாரம், பதினான்கு வாரம், ஒன்பது மாதம் என்று தேதி தவறாமல் ஊசி போட்டுக் கையெழுத்து வாங்கும் நாம், பதினாறு மாதத்துக்கு மேல் போடும் ஊசிக்குப் போகும்போது, இவன் எத்தனை சொல் பேசுகிறான், பெயர் சொல்லி அழைத்தால் திரும்புகிறானா, வேண்டியதை விரல் நீட்டிக் காட்டுகிறானா என்று மருத்துவர் கேட்காவிட்டால் நாமே சொல்லலாம். பொறுங்கள் என்றால், எந்தத் தேதிவரை, அதற்குள் என்னென்ன வர வேண்டும், வராவிட்டால் எங்கே அனுப்புவீர்கள், காதுச் சோதனைக்கு இன்றைக்கே எழுதிக்கொடுப்பீர்களா என்று கேட்கலாம். நல்ல மருத்துவர் அதைச் சீட்டிலேயே எழுதிக் கொடுத்துவிடுவார். எழுத மறுத்துச் சிரித்தபடி முதுகில் தட்டி அனுப்புகிறவர், ஸ்டெதாஸ்கோப் மாட்டிய இன்னொரு பெரியப்பா. அவரிடம் கொடுத்த ஃபீஸ் போகட்டும் என்று விட்டுவிட்டு, மாவட்ட மருத்துவமனையில் அந்த ஆரம்ப நிலை இடையீட்டு மையம் எந்த மாடியில் இருக்கிறது என்று விசாரிக்க வேண்டியதுதான்.