வெயிலுக்குப் பூசும் கிரீமும் வளரும் பிள்ளைகளும்: எங்கள் நிலைப்பாடு

நெய்வேலி நகரியத்துப் பள்ளிகளில் படிக்கும் பிள்ளைகளின் பெற்றோர் நாங்கள். வயதுக்கு வரும் பருவத்தில் இருக்கும் பிள்ளைகளுக்குத் தினமும் சன்ஸ்கிரீன் பூசலாமா என்ற கேள்விக்கு எங்கள் பதில்: ஆக்ஸிபென்சோன் என்ற ரசாயனம் கலந்தது வேண்டாம்.

அது தோலோடு நிற்பதில்லை. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தின் ஆய்வாளர்கள் 24 பேரிடம் சோதித்து 2019-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே நாள் பூச்சிலேயே அது ரத்தத்தில் கலந்தது. கூடுதல் பாதுகாப்புச் சோதனை தேவை என்று அந்த நிர்வாகம் வகுத்த அளவையும் தாண்டியது. ஆய்வகச் செல்களிலும் எலிகளிலும் அது ஈஸ்ட்ரோஜனைப்போல லேசாக வேலை செய்கிறது. ஆண் ஹார்மோனைத் தடுக்கவும் செய்கிறது. துளியளவு ஹார்மோனை நம்பி உடம்பு உருமாறும் வயதில் இதை அலட்சியம் செய்ய முடியாது. மனிதப் பிள்ளைகளிடம் கேடு நிரூபணமாகிவிட்டதா என்றால், இல்லை. சன்ஸ்கிரீன் பூசினால் குழந்தை பிறக்காது என்று யாராவது பயமுறுத்தினால் நம்ப வேண்டாம். ஆனாலும் ஐரோப்பிய ஒன்றியம் 2022-இல், உடம்பெங்கும் பூசும் கிரீம்களில் ஆக்ஸிபென்சோனின் வரம்பை 6 சதவீதத்திலிருந்து 2.2 ஆகக் குறைத்தது. நிறுத்தினால் பலனும் சீக்கிரம் தெரிகிறது: கலிபோர்னியாவின் சலினாஸில் 100 வளரிளம் பெண்கள் மூன்று நாள் இது கலக்காத பொருள்களுக்கு மாறியதில், சிறுநீரில் இதன் அளவு 36 சதவீதம் குறைந்தது. அந்த ஆய்வு 2016-இல் வெளியானது.

நம் ஊரில் தோல் புற்றுநோய்க்குப் பயந்தா டியூப் வாங்குகிறோம்? பாரதி விளையாட்டரங்கத்தில் ஓடிவிட்டு வரும் பெண்ணைப் பார்த்து, "என்னடி இப்படிக் கறுத்துப் போயிட்டே" என்று அத்தையோ சித்தியோ கேட்பார்களே, அதற்குத்தான். நம் தோலின் கருமையே வெயிலுக்கு ஓரளவு காப்பு. அதை மறைக்கப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்குத் தினமும் ரசாயனம் பூசுவதில் எங்களுக்குச் சம்மதமில்லை.

வெண்புள்ளி உள்ளவர்கள், வெயில் பட்டால் தோல் எரிபவர்கள், டாக்டர் சொல்லிப் பூசுகிறவர்கள் நிறுத்தக் கூடாது. ஜிங்க் ஆக்ஸைடு உள்ளதாகக் கேட்டு வாங்குங்கள். முகத்தில் திட்டுத் திட்டாக வெள்ளை தெரியும், பரவாயில்லை. டியூபின் பின்புறம் பொடி எழுத்தில் 'பென்சோபீனோன்-3' என்றிருந்தால் அதுவும் ஆக்ஸிபென்சோன்தான்.

பொடி எழுத்தைப் பூதக்கண்ணாடி வைத்துத் தேடும் நிலை மாற வேண்டும். இந்தப் பெயரை முன்பக்கத்தில், தமிழிலும் அச்சிட அரசு உத்தரவிட வேண்டும்.

பள்ளிகளுக்கு ஒரு வேண்டுகோள்: விளையாட்டு வகுப்பையும் கோடைப் பயிற்சியையும் காலை 9 மணிக்கு முன்போ மாலை 4 மணிக்குப் பிறகோ வையுங்கள், சீருடையோடு தொப்பியை அனுமதியுங்கள். சாலைக்குச் சாலை மரம் நிற்கும் நகரியம் இது. வரிசையில் நிற்கவைக்கும்போது பிள்ளைகளை அந்த நிழலில் நிறுத்துங்கள்.