வடக்கேயும் ஒரு கடற்கரை



கோடை விடுமுறை வந்துவிட்டது. மாமல்லபுரமா, தரங்கம்பாடியா, செம்பாறை மேட்டின் கீழே கடல் விரியும் வர்க்கலாவா என்று வீட்டுக்கு வீடு பேச்சு நடந்துகொண்டிருக்கும். போய்வாருங்கள், பிள்ளைகள் உப்புக்காற்றில் ஆசைதீர ஓடட்டும். கூடவே ஒரு நாளை வடசென்னைக்கும் ஒதுக்குங்கள்.

கும்பெனி காலத்து மதராஸில் கடலோர உல்லாசம் என்றால் எண்ணூர்தான். ஒரு பக்கம் வங்கக்கடல், மறுபக்கம் கழிவெளி, நடுவில் கொசஸ்தலை ஆறு கடலைச் சேரும் முகத்துவாரம். பட்டணத்து வெயிலுக்குத் தப்பித் துரைமார்கள் இங்கே ஓய்வெடுக்க வருவார்கள்.

அந்த எண்ணூருக்குப் போன மாதம் போயிருந்தேன். ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் என்று கடலோரச் சாலையில் போகப் போக, மணல் இருக்கவேண்டிய இடத்தில் கருங்கல் குவியல்கள்தான். அலை கல்லில் மோதிச் சாலைவரை தெறிக்கிறது. கடல் தின்றுவிட்டது என்கிறோம். அது பாதி உண்மை. நம் கரையோரம் மணல் பெரும்பாலும் தெற்கிலிருந்து வடக்கே நகரும். 1875-இல் தொடங்கிய சென்னைத் துறைமுகப் பணியில் கடலுக்குள் நீண்ட சுவர்கள் அந்த மணலை மறித்தன. தெற்கே மெரினா அகலமானது. வடக்கே கரை கரைந்து குப்பங்கள் வீடிழந்தன. மெரினாவில் நாம் உட்கார்ந்து சுண்டல் சாப்பிடும் மணல், ராயபுரத்துக்கும் திருவொற்றியூருக்கும் வந்து சேர்ந்திருக்கவேண்டிய மணல். மிச்சக் கரையைக் காக்கத்தான் இப்போது தூண்டில் வளைவுகள் போடுகிறார்கள்.

கழிவெளியில் சில பெண்கள் மார்பளவு தண்ணீரில் மெல்ல நகர்ந்தபடி, இரு கைகளாலும் சேற்றைத் துழாவிக்கொண்டிருந்தார்கள். அகப்பட்ட இறாலை, பல்லால் கடித்துப் பிடித்திருந்த ஓலைப் பறிக்குள் போட்டார்கள். வலை இல்லை, படகு இல்லை, கைதான் முதலீடு. அனல்மின் நிலையச் சாம்பல் படிந்ததும், 2023 டிசம்பர் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து படர்ந்ததும் இதே தண்ணீரில்தான். அந்தக் கைகளுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம்.

போவது சுலபம். 2021 முதல் விம்கோ நகர் வரை மெட்ரோ ஓடுகிறது. கும்மிடிப்பூண்டி மின்சார ரயில் எண்ணூரிலேயே நிற்கும். வழியில் திருவொற்றியூரில் தியாகராஜர், வடிவுடையம்மன் தரிசனம். கடலோரத்தில் பட்டினத்தார் சமாதி. விடிகாலையில் போனால் காசிமேட்டில் மீன் ஏலம்.

யாரும் எட்டிப்பார்க்காத கரையில்தான் எதையும் கொட்டத் துணிவார்கள். பிள்ளைகளை அழைத்துப்போய் முகத்துவாரத்தில் சற்று நேரம் நில்லுங்கள். அந்த ஊர்க்காரர்களிடம் பேசுங்கள். கண்டதையும் கேட்டதையும் எங்களுக்கு எழுதுங்கள். அடுத்த இதழில் உங்கள் கடிதங்களுக்கு இரண்டு பக்கம் ஒதுக்கி வைத்திருக்கிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்