வாடகையும் இல்லை, சம்பளமும் இல்லை... காட்டுக்குள் ஒரு வேலை!

நைட் ஷிப்ட் முடிந்து மெட்ரோவுக்காக நின்றுகொண்டிருந்தபோது அப்பாவிடமிருந்து ஒரு ரீல் வந்தது. பைன் மரங்கள், ஏரி, கரையில் ஒரு வண்டி வீடு, வாசலில் நாற்காலி போட்டு காபி குடிக்கும் வெள்ளைக்காரத் தாத்தாவும் பாட்டியும். ‘அமெரிக்கக் காட்டில் இலவச இடம், இலவச கரன்ட்!’ என்று மேலே எழுத்து. கீழே அப்பா கேட்டிருந்தார்: “ரிட்டயர் ஆனதும் இப்படிப் போயிடலாமாடா?” அவருக்கு இன்னும் 2 வருஷம் சர்வீஸ் இருக்கிறது.

ரீலில் சொன்னது பொய் இல்லை. ஆனால் பாதிதான்.

அந்த வேலைக்குப் பெயர் ‘கேம்ப்கிரவுண்ட் ஹோஸ்ட்’. அமெரிக்காவின் தேசியப் பூங்காக்களிலும் மாநிலப் பூங்காக்களிலும் மக்கள் கூடாரம் போட்டுத் தங்குவதற்கென்றே இடங்கள் உண்டு. அங்கே சீசன் முழுக்க தன் சொந்த ஆர்.வி.யை நிறுத்தித் தங்கி, வருகிறவர்களைக் கவனித்துக்கொள்பவர்தான் ஹோஸ்ட். (ஆர்.வி. என்றால், நம்மூர் ஷூட்டிங்கில் ஹீரோவுக்காக நிற்குமே கேரவன், அது மாதிரி.) வண்டி நிறுத்த இடம், மின்சாரம், தண்ணீர் எல்லாம் ஃப்ரீ. பதிலுக்கு, பெரும்பாலும் வாரத்துக்கு 20 முதல் 30 மணி நேரம் வேலை. பல இடங்களில் இவர்கள் வாலன்டியர்கள், சம்பளம் கிடையாது. மத்திய அரசின் பூங்காக்களில் 250 மணி நேரம் வேலை பார்த்தால் ஒரு வருட நுழைவு பாஸ் தருகிறார்கள். காடுகளில் கேம்ப்கிரவுண்டைக் கான்ட்ராக்ட் எடுத்து நடத்தும் தனியார் நிறுவனங்கள் மட்டும் மணிக்கணக்குக்குச் சம்பளம் கொடுக்கின்றன.

வேலை என்ன? முதலில் டாய்லெட். நிறைய இடங்களில் ஃப்ளஷ்ஷே இருக்காது. மண்ணுக்கடியில் தொட்டி, மேலே இருக்கை, அவ்வளவுதான். அதைக் கழுவி, பேப்பர் வைத்து, மறுநாள் மறுபடியும் கழுவ வேண்டும்.

அடுத்தது சாம்பல். முதல் நாள் இரவு கேம்ப்ஃபயர் போட்டவர்கள் காலையில் கிளம்பிப் போயிருப்பார்கள். பார்த்தால் அணைந்தது போலத்தான் இருக்கும். கிளறினால் உள்ளே கங்கு. தண்ணீர் ஊற்றி, மண்வெட்டியால் கிளறி, சூடு போய்விட்டதா என்று கையை வைத்துப் பார்த்த பிறகுதான் அள்ள வேண்டும். கோடையில் கலிபோர்னியா காடு எப்படிக் காய்ந்து கிடக்கும் என்று நியூஸில் பார்த்திருப்பீர்கள். அங்கே ஒரு கங்கு போதும்.

விறகிலும் ஒரு விஷயம் இருக்கிறது. வெளியூர் விறகைக் கொண்டுவராதீர்கள் என்று ஹோஸ்ட் சொல்லிக்கொண்டே இருப்பார். ஆசியாவிலிருந்து வந்த ‘எமரால்டு ஆஷ் போரர்’ என்ற சின்னப் பச்சை வண்டு அங்கே கோடிக்கணக்கான ஆஷ் மரங்களைக் கொன்றிருக்கிறது. அது புது ஊருக்குப் போவது பெரும்பாலும் விறகுக்கட்டுக்குள் ஒளிந்துதான்.

யோசெமிட்டி மாதிரி கரடி உள்ள பூங்காக்களில் சாப்பாட்டை இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்ட வேண்டும். சாப்பாடு மட்டுமல்ல, வாசனை வரும் எதுவும். டூத்பேஸ்ட், சோப் எல்லாம் அதற்குள்தான். நம்மவர்கள் போனால் தேங்காய் எண்ணெயும் ஊறுகாய் பாட்டிலும் முதலில் உள்ளே போக வேண்டும்!

எனக்குக் கஷ்டமாகத் தெரிவது ராத்திரி வேலைதான். பெரும்பாலான இடங்களில் 10 மணிக்கு மேல் சத்தம் கூடாது. 11 மணிக்கு ஒரு கும்பல் ஸ்பீக்கரை அலறவிட்டுக் குடித்துக்கொண்டிருந்தால், அறுபது வயது தாண்டிய அந்தத் தாத்தாவோ பாட்டியோ டார்ச்சோடு போய் நிற்க வேண்டும். ஹோஸ்ட் போலீஸ் இல்லை. ஃபைன் போட அதிகாரம் கிடையாது. பணிவாகச் சொல்லிப் பார்க்கலாம். கேட்காவிட்டால் ரேஞ்சரைக் கூப்பிடலாம். அவர் எத்தனை மைல் தள்ளி இருக்கிறாரோ! டியூட்டி முடிந்துவிட்டது என்று போர்டு மாட்டினாலும் கதவு தட்டப்படும். வீடே ஆபீஸ் வாசலில் இருந்தால் வேறென்ன நடக்கும்?

2021-ல் சிறந்த படத்துக்கான ஆஸ்கர் வாங்கிய ‘நோமேட்லேண்ட்’ பார்த்தவர்களுக்கு இந்த வேலை நினைவிருக்கலாம். தெற்கு டகோட்டாவின் பேட்லேண்ட்ஸ் பூங்காவில் பிரான்சிஸ் மெக்டார்மண்டோடு வேலை செய்யும் லிண்டா மே என்ற பெண்மணி நடிகை அல்ல, தன் சொந்தப் பெயரிலேயே வந்தவர். படத்துக்கு அடிப்படையான ஜெசிகா ப்ரூடரின் 2017 புத்தகத்தில், அவர் 64 வயதில் கலிபோர்னியாவின் சான் பெர்னார்டினோ காட்டில் ஹோஸ்ட்டாக இருக்கிறார். அவர் தங்கியிருந்தது ஜீப்புக்குப் பின்னால் இழுத்துச் செல்லும் ஒரு குட்டி டிரெய்லரில். ஆயுள் முழுக்க உழைத்தும், கிடைக்கும் ஓய்வுத்தொகை வாடகைக்குக் காணாதவர்களைப் பற்றிய புத்தகம் அது. கோடையில் கேம்ப்கிரவுண்ட், பிறகு சர்க்கரைக்கிழங்கு அறுவடை, கிறிஸ்துமஸ் நேரத்தில் அமேசான் குடோன் என்று வேலையைத் தேடி வண்டியோடு நகர்ந்தார்கள்.

அதனால்தான் ‘இலவசம்’ என்ற வார்த்தை எனக்கு உறுத்துகிறது. வாரம் 25 மணி நேரம் என்றால் மாதம் 100 மணி நேரம், அதுதான் வாடகை. பென்ஷனும் ஊரில் ஒரு வீடும் இருப்பவருக்கு இது ஆசைக்குச் செய்கிற வேலை. ஏரியைப் பார்த்தபடி காபி குடிக்கும் அந்த ரீல் ஜோடி அப்படிப்பட்டவர்களாக இருக்கலாம். பிடிக்காவிட்டால் வண்டியைக் கிளப்பிவிடுவார்கள். வீடே அந்த வண்டிதான் என்பவருக்கு, வேலை போகிற அன்றே தங்குமிடமும் போய்விடுகிறது. கூடுதல் நேரம் பார்க்கச் சொன்னாலும் அவர் எப்படி மாட்டேன் என்பார்? இரண்டு பேரும் கழுவுவது அதே டாய்லெட்தான்.

பிள்ளைகளைப் பார்க்க அமெரிக்கா போகும் பெற்றோர் இந்த ரீலைப் பார்த்து யோசித்தால், ஒரு விஷயம்: விசிட்டர் விசாவில் வேலை பார்க்கக் கூடாது. சம்பளமே இல்லையே என்று நினைக்காதீர்கள். வேலைக்குப் பதிலாகக் கிடைக்கும் இடமும் கூலியாகக் கருதப்படலாம். முகாமுக்கு விருந்தாளியாகப் போங்கள், ஹோஸ்ட்டைப் பார்த்தால் ஒரு வணக்கம் வையுங்கள். கிளம்பும் முன் உங்கள் நெருப்பை நீங்களே அணைத்துவிடுங்கள்.

இவ்வளவையும் அப்பாவுக்கு வாய்ஸ் நோட்டாக அனுப்பினேன். அவர் அதை அப்படியே ஃபேமிலி குரூப்பில் போட்டுவிட்டார். அம்மாவிடமிருந்து உடனே பதில் வந்தது: “முதல்ல நம்ம வீட்டு பாத்ரூமைக் கழுவட்டும். அப்புறம் அமெரிக்கா போகலாம்.”