யாருடைய வெற்றி? – தேர்வு முடிவுகள் எழுப்பும் கேள்விகள்



மே மாதம் வந்துவிட்டால் கடலூரிலும் சிதம்பரத்திலும் பள்ளிகளின் விளம்பரத் தட்டிகள் எழுந்துவிடும். சிரித்த முகங்கள், மதிப்பெண்கள், 'நூறு விழுக்காடு தேர்ச்சி' என்ற பெரிய எழுத்துகள். மாநில அளவில் முதலிடம், இரண்டாமிடம் என்று அறிவிக்கும் வழக்கத்தை 2017ஆம் ஆண்டிலேயே தமிழக அரசு கைவிட்டது. ஆனால் தட்டிகள் மறையவில்லை. உழைத்து வென்ற பிள்ளைகளை மனதார வாழ்த்துவோம். அதே வேளையில், எந்தத் தட்டியிலும் இடம்பெறாத பிள்ளைகளைப் பற்றியும் சற்றுச் சிந்திப்போம்.

எண்கள் சொல்வது என்ன?

2025 மே 8 அன்று வெளியான பிளஸ் டூ முடிவுகளில் மாநிலத் தேர்ச்சி 95.03 விழுக்காடு. அரசுப் பள்ளிகள் 91.94, அரசு உதவிபெறும் பள்ளிகள் 95.71, தனியார் சுயநிதிப் பள்ளிகள் 98.88. 'ஏழு விழுக்காடுதானே வித்தியாசம்' என்று தோன்றலாம். இதையே திருப்பிப் பாருங்கள். நூறு பேர் தேர்வெழுதினால் தனியார் பள்ளியில் தவறுவது ஏறக்குறைய ஒருவர். அரசுப் பள்ளியில் எட்டுப் பேர். தவறும் பிள்ளைகள் ஏழு மடங்கு அதிகம்.

அப்படியானால் அரசுப் பள்ளி ஆசிரியர்கள் திறமையற்றவர்களா? அவசரப்பட்டுத் தீர்ப்பிட வேண்டாம். கட்டணம் செலுத்த முடிந்த வீட்டுப் பிள்ளையே தனியார் பள்ளி வாசலை மிதிக்கிறது. பதினோராம் வகுப்பில் பத்தாம் வகுப்பு மதிப்பெண் பார்த்துச் சேர்க்கும் பள்ளிகளும் உண்டு. அரசுப் பள்ளியோ யாரையும் திருப்பி அனுப்புவதில்லை. மீனவக் குப்பத்துப் பிள்ளையும், முந்திரிக் கொட்டை உடைக்கும் தாயின் பிள்ளையும், வீட்டில் முதன்முதலாகப் புத்தகம் தொட்ட பிள்ளையும் அங்கேதான் அமர்கிறார்கள். ஓட்டம் ஒன்றுதான், தொடங்கும் இடம் ஒன்றல்ல.

ஆனாலும் ஏழ்மை தலைவிதி அல்ல. நம் அண்டை மாவட்டமான அரியலூர் செல்வம் கொழிக்கும் ஊரல்ல. அதுவே 2024இல் பத்தாம் வகுப்பிலும், 2025இல் பிளஸ் டூவிலும் (98.82 விழுக்காடு) மாநிலத்தில் முன்னணி பெற்றது.

தேர்ச்சிக்குப் பின்

உண்மையான இடைவெளி தேர்வுக்குப் பிறகே தெரிகிறது. 2017 முதல் மருத்துவக் கல்லூரிச் சேர்க்கைக்கு நீட் தேர்வு கட்டாயமானது. பயிற்சி மையத்துக்குப் பணம் கட்ட இயலாத பிள்ளை பிளஸ் டூவில் நல்ல மதிப்பெண் பெற்றும் வெளியே நின்றது. இதை ஆராய்ந்த நீதிபதி கலையரசன் ஆணையம் அரசுப் பள்ளி மாணவர்க்கு 10 விழுக்காடு உள் ஒதுக்கீடு பரிந்துரைத்தது. 7.5 விழுக்காடு வழங்கும் சட்டம் 2020 அக்டோபரில் ஆளுநரின் ஒப்புதல் பெற்றது. அதன்பின் ஆண்டுதோறும் நூற்றுக்கணக்கான அரசுப் பள்ளிப் பிள்ளைகள் மருத்துவம் படிக்கச் செல்கிறார்கள். திறமை முன்பும் இருந்தது. திறந்த கதவுதான் இல்லை.

சிதம்பரத்திலும் இதற்கு ஓர் எடுத்துக்காட்டு உண்டு. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தை 2013இல் அரசு தன் பொறுப்பில் எடுத்தது. ஆனால் அங்குள்ள மருத்துவக் கல்லூரியில் கட்டணம் மட்டும் தனியார் கல்லூரி போலவே நீடித்தது. மாணவர்கள் வாரக்கணக்கில் போராடினார்கள். 2021இல்தான் அது அரசு மருத்துவக் கல்லூரியாக மாறியது. பெயர்ப்பலகையில் 'அரசு' என்று இருந்தால் போதாது. ஏழையின் கைக்கு எட்ட வேண்டும். இதே சிதம்பரத்தில் 1916இல் சுவாமி சகஜானந்தா ஒடுக்கப்பட்ட பிள்ளைகளுக்காக நந்தனார் பள்ளியைத் தொடங்கியதும் இதற்காகத்தானே!

நம் பள்ளிகள் எங்கே நிற்கின்றன?

கேள்வி நம்மை நோக்கியும் திரும்புகிறது. திருச்சபையின் உதவிபெறும் பள்ளிகள் பல தலைமுறைகளாக ஏழைப் பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்தவை. இன்று பல ஊர்களில், உதவிபெறும் தமிழ்வழிப் பள்ளியின் வகுப்பறைகள் காலியாக, அதே வளாகத்தில் ஆங்கிலவழிச் சுயநிதிப் பள்ளி நிரம்பி வழிகிறது. நாமும்தான் நம் பிள்ளைகளை அங்கே சேர்க்கிறோம்.

2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், தனியார் பள்ளிகளில் 25 விழுக்காடு இடங்களை நலிந்த பிரிவினருக்கு ஒதுக்கச் சொல்கிறது. சிறுபான்மையினர் பள்ளிகளுக்கு இது பொருந்தாது என 2014 மே மாதம் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பு சரியா என்ற ஐயத்தை 2025 செப்டம்பரில் அந்நீதிமன்றத்தின் மற்றோர் அமர்வே எழுப்பியது. சிறுபான்மையினரின் உரிமை காக்கப்பட வேண்டியதே. ஆனால் சட்டம் தரும் விலக்கை நம் மனசாட்சியும் தருமா? கட்டாயத்தின்பேரில் கொடுக்க வேண்டியதில்லை என்றால், அன்பின்பேரில் கொடுக்கலாமே! 1965இல் கிறிஸ்தவக் கல்வி பற்றிய ஏட்டை வெளியிட்ட இரண்டாம் வத்திக்கான் சங்கமும் ஏழைகள்மீது தனி அக்கறை காட்டவே கத்தோலிக்கப் பள்ளிகளைக் கேட்டுக்கொண்டது.

என்ன செய்யலாம்?

தேர்வில் தவறியவர்களுக்குத் துணைத்தேர்வு சில வாரங்களிலேயே வந்துவிடுகிறது. நம் அன்பியத்தில் அப்படி ஒரு பிள்ளை இருக்கிறதா? தேடிச் சென்று பேசுவோம். பங்கு வளாகத்தில் மாலை வகுப்பு நடத்த ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் கல்லூரி மாணவர்களும் முன்வரலாம். வசதியுள்ள குடும்பம் ஒரு பிள்ளையின் கட்டணத்தை ஏற்கலாம். மதம், சாதி பாராமல் செய்வோம்.

தட்டியில் முகம் வராத அந்தப் பிள்ளையின் பெயர் நமக்குத் தெரியுமா? இன்றிரவு செபிக்கும்முன் இந்தக் கேள்வியை நம்மையே கேட்டுக்கொள்வோம்.