பேருந்தும் விருந்தும்

ஊரைக் காண்பது வேறு. ஊரை அறிவது வேறு. கோபுரத்தையும் கடைவீதியையும் பார்த்து ஒரே நாளில் மீள்வோர் ஊரைக் கண்டவராவர். அவ்வூரார் இல்லத்தில் இரண்டு நாள் தங்கி, அவரோடு உண்டு, அவர்தம் தொழிலை அருகிருந்து நோக்கி மீள்வோரே ஊரை அறிந்தவராவர். பள்ளியிற் பயிலும் இளைஞர் விடுமுறை நாள்களில் இவ்விரண்டாம் வகைப் பயணத்தையே மேற்கொள்ளுதல் நன்று.

இஃது இன்று தோன்றிய கருத்தன்று. பத்துப்பாட்டுள் ஒன்றாகிய பெரும்பாணாற்றுப்படை, காஞ்சிமாநகரில் ஆட்சிபுரிந்த தொண்டைமான் இளந்திரையனிடம் பாணன் ஒருவனை வழிப்படுத்தும் நூலாகும். 500 அடிகளையுடைய அந்நூலை இயற்றிய கடியலூர் உருத்திரங்கண்ணனார், அரசன் பெருமையை மட்டும் கூறி அமையவில்லை. வழியில் யார் யார் வாழ்கின்றனர், அவர்கள் தம் இல்லம் தேடி வருவோர்க்கு எதனை உண்ணக் கொடுப்பர் என்பவற்றையும் விரித்துரைக்கின்றார். ஆயர் குடியில் தினைச்சோறும் பாலும், உழவர் குடியில் வெண்ணெற்சோறும், வலைஞர் குடியில் மீனும் பெறலாம் என்பது அவர் காட்டும் வழி. வழி என்பது விரைந்து கடந்து தீர்க்கவேண்டிய வெற்றிடமன்று. மக்கள் வாழும் இடம் என்னும் உண்மை இதனாற் புலனாகும்.

பாணன் நடந்து சென்ற காஞ்சிக்கு இன்று பேருந்துகள் பல உள்ளன. வந்தவாசியிலிருந்து புறப்படும் மாணவன் ஒருவனை எண்ணிப் பார்ப்போம். வந்தவாசி, 1760ஆம் ஆண்டில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் பொருத களம். கோரைப்பாய்க்குப் பெயர்பெற்ற ஊர். அங்கிருந்து வடக்கே செல்லும் பேருந்து, ஊர்தோறும் நின்று நின்று செல்லும். கூடையோடு ஏறுவோரும், குழந்தையோடு இறங்குவோருமாக அவ்வண்டியே ஒரு சிற்றூர் ஆகிவிடும். வழியில் மாமண்டூர்ப் பேரேரியும் பல்லவர் காலத்துக் குடைவரைகளும் உள்ளன. பின்னர்ப் பாலாற்றுப் பாலம் வரும். பெயரோ பாலாறு, ஆண்டின் பெரும்பகுதியும் கண்ணுக்குத் தெரிவது மணலே. மணலின்கீழ் மறைந்திருக்கும் ஊற்றுநீரைப் பற்றி அருகில் அமர்ந்த உழவரிடம் கேட்டால், நூல்கள் கூறாத செய்திகளும் கிடைக்கும். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு காரில் விரைவோர்க்கு இந்த வாய்ப்பு இல்லை.

காஞ்சியை அடைந்தவன், கயிலாசநாதர் கோயிற் சிற்பங்களைக் காணவேண்டுவதே. ஆயினும் அத்துடன் திரும்பிவிட்டால், பிள்ளையார்பாளையம் போன்ற பகுதிகளில் வாழும் நெசவாளர் அவனுக்கு அயலாராகவே இருந்துவிடுவர். ஒரு நெசவாளர் இல்லத்தில் தங்குவானாயின், காலையில் தறியின் ஓசையே அவனை எழுப்பும். சேலையின் உடலும் கரையும் வெவ்வேறு நிறமாக அமைய வேண்டுமாயின் மூன்று நாடாக்களைக் கையாளவேண்டும் என்பதையும், அதற்கு நெய்பவரோடு மற்றொருவரும் உடனிருந்து உழைக்கவேண்டும் என்பதையும் கண்ணாற் காண்பான். கோர்வை எனப்படும் அவ்வேலைப்பாட்டில் ஒரு சேலை முடியப் பல நாள் ஆகும். கடையில், “விலை மிகுதி” என்று கூறிச் செல்பவர் இதனை அறியார். அந்நெசவாளரின் மைந்தன் ஏன் தறியை விடுத்து வேறு வேலை தேடுகின்றான் என்பதும் அவ்வில்லத்தில்தான் விளங்கும்.

“இக்காலத்தில் இல்லங்கள் சிறியன, பிறர்க்குச் சுமையாதல் தகுமோ? பணம் கொடுத்து விடுதியில் தங்கலாமே” என்பர் சிலர். அவர் கூற்றிலும் உண்மை உண்டு. தறியே பாதி இடத்தைக் கொள்ளும் வீட்டில் விருந்தினர்க்கு இடம் ஒதுக்குவது எளிதன்று. ஆகவே, செல்வோர்க்கும் கடமைகள் உள. பெற்றோரும் ஆசிரியரும் நன்கறிந்த இல்லத்தையே நாடுதல் வேண்டும். முன்னரே அறிவித்துச் செல்லுதல் வேண்டும். இட்டதை மகிழ்ந்து உண்ணுதல் வேண்டும். படுத்த பாயைத் தானே சுருட்டி வைத்தல் வேண்டும். குறித்த நாளில் விடைபெறுதல் வேண்டும். எல்லாவற்றிற்கும் மேலாக, அவ்வூரார் தம் ஊர்க்கு வருங்கால் தம் வீட்டுக் கதவைத் திறந்து வைத்தல் வேண்டும். விடுதிக்குரிய கடன் பணத்தோடு தீரும். விருந்தின் கடன் நட்பாக வளரும்.

விருந்து என்னும் சொல்லுக்குப் புதுமை என்பது பொருள். புதியவராய் வருதலின் வந்தவரும் விருந்து எனப்பட்டார். புதுமை பெறுபவர் விருந்தினர் மட்டும் அல்லர். வந்தவாசி மாணவன், தன் ஊரில் கோரையைக் கிழித்து உலர்த்திச் சாயமேற்றிப் பாய் நெய்வதை எடுத்துரைத்தால், பட்டு நெய்யும் கை சற்றே ஓய்ந்து அதனைக் கேட்கும். நாற்பது கல் தொலைவும் இல்லாத இரண்டு ஊர்களில், ஒன்றையொன்று அறியாமல் நடந்துவந்த இரண்டு நெசவுத் தொழில்கள் அன்று ஒரு திண்ணையிற் சந்திக்கும். ஒரு பயணச்சீட்டின் விலைக்கு இதனினும் பெரிய கல்வி கிடைப்பது அரிது.