மலிவு விமானமும் மரியாதை விமானமும்

(மூன்றாம் ஆண்டு, வணிகவியல்)

ஆகாய விமானம் என்பது ஒரு காலத்தில் நம் ஊர்க்காரர்களுக்கு அண்ணாந்து பார்ப்பதற்கு மட்டுமே உரியதாக இருந்தது. இன்று கடையநல்லூர், வடகரை, பொட்டல்புதூர், புளியங்குடி என்று எந்த ஊரை எடுத்துக்கொண்டாலும் விமானம் ஏறி இறங்கியவர் இல்லாத தெருவைக் காண்பது அரிது. ஆகவே எந்த விமானத்தில் போவது என்ற பேச்சும் டீக்கடைப் பெஞ்சு வரை வந்துவிட்டது. சாப்பாடு, பெட்டி, இருக்கை எல்லாவற்றையும் ஒரே டிக்கெட்டில் அடக்கித் தரும் முழுச்சேவை விமானமா? வெறும் இருக்கையை மட்டும் விற்றுவிட்டு மற்றதற்கெல்லாம் தனித்தனியே காசு கேட்கும் மலிவுக் கட்டண விமானமா? முன்னதில் போனவர் அதைச் சற்று உரக்கச் சொல்வதையும், பின்னதில் போனவர் ‘ஏதோ கிடைத்தது’ என்று மழுப்புவதையும் கேட்டிருக்கிறேன். இந்த வெட்கம் தேவையில்லாதது என்பது என் கட்சி. ஆனால் மலிவு எதுவானாலும் லாபமே என்று சாதிப்பவர்கள் கட்சியிலும் நான் இல்லை.

லண்டன், அமெரிக்கா என்று தொடங்கினால் பேச்சு நீண்டுவிடும். பக்கத்தில் உள்ள அயல்நாட்டையே எடுத்துக்கொள்வோம். மதுரையிலிருந்து கொழும்பு சுமார் 350 கிலோமீட்டர். திருவனந்தபுரத்திலிருந்தும் ஏறக்குறைய அவ்வளவே. ஏறி உட்கார்ந்து, பெல்ட்டை மாட்டி, ஜன்னல் வழியே கடலைக் கொஞ்சம் பார்ப்பதற்குள் இறங்கச் சொல்லிவிடுவார்கள். ஒரு மணி நேரப் பிரயாணம்; தென்காசியிலிருந்து மதுரைக்குப் பஸ்ஸில் போகும் நேரத்தில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. இதற்கிடையில் ஒரு ரொட்டித் துண்டும் பழரசமும் வரவேண்டும் என்பதற்காக யாராவது ஆயிரம், இரண்டாயிரம் கூடக் கொடுப்பார்களா? வழியில் ராஜபாளையத்தில் இறங்கி நாலு புரோட்டாவைச் சாப்பிட்டுவிட்டுப் போனால் தீர்ந்தது.

மலிவு விமானத்தின் சூத்திரத்தைக் குற்றாலத்துக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அருவியில் குளிக்கக் காசு இல்லை. எண்ணெய் தேய்த்துவிடுவதற்குக் காசு, துண்டுக்குக் காசு, வண்டி நிறுத்தக் காசு, குளித்துவிட்டுப் பசியோடு வந்தால் நேந்திரங்காய் சிப்ஸுக்குக் காசு. எண்ணெய் வேண்டாதவன் நேரே அருவிக்குள் போய்விடலாம். அடுத்தவன் எண்ணெய்க்கும் சேர்த்து அவன் அழ வேண்டியதில்லை. கட்டணம் நாளுக்கொரு விதமாக மாறுவதும் நாம் அறியாததல்ல. சாரல் விழுந்தால் லாட்ஜ் வாடகை ஏறுகிறது. அருவி காய்ந்து கிடக்கும் மார்ச் மாதத்தில் அதே அறை பாதிக்கும் கீழே வருகிறது. ‘பக்கத்து இருக்கைக்காரன் பாதி விலை கொடுத்தானாம், இது என்ன அநியாயம்!’ என்று நம் லாட்ஜ் முதலாளிகளே புலம்பும்போது எனக்குச் சிரிப்பை அடக்க முடிவதில்லை.

இந்த வியாபாரத்துக்கு வழிகாட்டியது அமெரிக்காவின் சவுத்வெஸ்ட் கம்பெனி; டெக்ஸாஸ் மாநிலத்தில் 1971ல் பறக்கத் தொடங்கியது. மறு ஆண்டே கையிருப்பில் இருந்த நாலு விமானங்களில் ஒன்றை விற்க நேர்ந்தது. மூன்றை வைத்துக்கொண்டு நாலின் வேலையை எப்படிச் செய்வது? இறங்கிய விமானத்தைப் பத்தே நிமிஷத்தில் திரும்பக் கிளப்பினார்கள். தரையில் நிற்கும் விமானம் சம்பாதிப்பதில்லை என்பதுதான் ரகசியம். ஒரே ரக விமானம், ஒரே ரக உதிரிப்பாகம், நிற்காத ஓட்டம். நம் நாட்டில் 2003ல் கேப்டன் கோபிநாத்தின் ஏர் டெக்கானும், 2005 ஏப்ரலில் மலைக்கு அந்தப்பக்கம் திருவனந்தபுரத்திலிருந்து அபுதாபிக்குப் பறந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸும் இந்த வழியில் வந்தவையே. அந்த அபுதாபி விமானம் இல்லையேல் எத்தனை கொத்தனார்களும் டிரைவர்களும் கட்டணத்துக்கே கடன் வாங்கியிருப்பார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

மலிவு என்றால் பத்திரம் குறைவோ என்ற அச்சம் பெரியவர்களிடம் இருக்கிறது. சென்னை–கொழும்பு தடத்தில் இண்டிகோவும் பறக்கிறது, ஸ்ரீலங்கனும் பறக்கிறது. இரண்டிடமும் ஏர்பஸ் ஏ320 குடும்ப விமானங்கள் இருக்கின்றன. என்ஜினுக்குள் மலிவு என்றும் உயர்வு என்றும் ஏதுமில்லை. நம் நாட்டுக் கம்பெனிகள் எந்த வகையானாலும் சட்டமும் ஒன்றுதான். இரண்டரை மணி நேரத்துக்கு உட்பட்ட பிரயாணம் இரண்டு மணி நேரம் தாமதமானால் காத்திருப்பவர்களுக்குச் சிற்றுண்டி தர வேண்டும். ரத்தானால் மாற்று விமானமோ பணமோ தர வேண்டும். மலிவு டிக்கெட் வாங்கிய குற்றத்துக்காகப் பேசாமல் பட்டினி கிடப்பவர்கள் இதை அறிந்துகொள்வது நல்லது.

இனிக் கணக்குக்கு வருகிறேன். வணிகவியல் மாணவன் கணக்கில்லாமல் பேசினால் பேராசிரியர்கள் கோபிப்பார்கள். ஒரு பேச்சுக்கு முழுச்சேவை டிக்கெட் 11,000 ரூபாய், மலிவு டிக்கெட் 8,500 என்று வையுங்கள். இரண்டாயிரத்து ஐந்நூறு மிச்சம்! ஆனால் கையில் கொண்டுபோக அனுமதிப்பது 7 கிலோதான். கொழும்பில் உள்ள அத்தை வீட்டுக்கு வெறுங்கையோடு போக முடியுமா? பெரிய பெட்டிக்கு 1,800. இருக்கையைத் தேர்ந்தெடுக்க 300. பசி பொறுக்காமல் உள்ளே எதையாவது வாங்கினால் 350. ஆயிற்று, 10,950. இன்னும் ஒன்று இருக்கிறது. அந்த மலிவு விமானம் விடியற்காலை 4 மணிக்கு என்றால், அந்நேரத்துக்கு நம்மை ஆரியங்காவு வழியாகத் திருவனந்தபுரத்தில் கொண்டுபோய்ச் சேர்க்கப் பஸ் ஏது? டாக்ஸி 4,000. இப்போது மரியாதை விமானமே மலிவாகிவிட்டது! டிக்கெட்டில் அச்சிட்ட விலை நம் ஊரில் தொடங்குவதில்லை. விமான நிலைய வாசலில் தொடங்குகிறது. சென்னைக்காரருக்குச் சரியாக வரும் கணக்கு செங்கோட்டைக்காரருக்கு வராமல் போவது இதனால்தான். நாலு பேர் சேர்ந்து ஒரே டாக்ஸியில் போனால் விடை மறுபடியும் மாறும்.

இதைவிட முக்கியமான வேறுபாடு வேறிடத்தில் இருக்கிறது. கொழும்பில் இறங்குகிறவர் ஒருவர். கொழும்பில் மாறுகிறவர் மற்றொருவர். கல்யாணத்துக்கோ கதிர்காமத்துக்கோ கடைச் சரக்குக்கோ போகிறவர் முதல் வகை. அவருக்கு, பெட்டி சிறியதானால், மலிவு விமானமே போதும் என்று தயங்காமல் சொல்வேன். ஆனால் மதுரையில் ஏறிக் கொழும்பில் மாறித் தம்மாமுக்கும் குவைத்துக்கும் போகிறவர்கள் நம் பக்கத்தில் ஏராளம். அவர்களுக்கு இந்த ஒரு மணி நேரம் முழுப் பிரயாணத்தின் முதல் படி மட்டுமே. ஒரே டிக்கெட்டாக வாங்கினால் மதுரையில் கொடுத்த பெட்டியைத் தம்மாமில் வாங்கிக்கொள்ளலாம். முதல் விமானம் பிந்தி, இரண்டாவது தவறினால் அடுத்ததில் ஏற்றிவிட வேண்டியது கம்பெனியின் பொறுப்பு. என் தாய்மாமா ஒருவர் சில ஆயிரங்களை மிச்சம்பிடிக்க இரண்டு கம்பெனிகளில் இரண்டு டிக்கெட்டாக வாங்கினார். முதல் விமானம் மூன்று மணி நேரம் பிந்தியது. இறங்கி ஓடியபோது இரண்டாவது போய்விட்டது. ‘நாங்கள் கொண்டுவந்து சேர்த்துவிட்டோம்’ என்றது ஒரு கம்பெனி. ‘நீங்கள் நேரத்துக்கு வரவில்லை’ என்றது மற்றொன்று. விதிப்படி இரண்டும் சரி. புது டிக்கெட்டின் விலை மாமா மிச்சம்பிடித்ததைப்போல் பல மடங்கு. பழைய போட் மெயில் காலத்தில் சென்னை எழும்பூரில் வாங்கிய ஒரே டிக்கெட் தனுஷ்கோடி வரை ரயில், பிறகு கப்பல், மறுபடி ரயில் என்று கொழும்புக் கோட்டை வரை செல்லுமாம். 1964 டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடியோடு போய்விட்ட அந்த ஒரே டிக்கெட் வசதியைத்தான் முழுச்சேவைக் கம்பெனிகள் இன்று விற்கின்றன. நாம் கூடுதலாகக் கொடுப்பது அதற்கே தவிர, ரொட்டித் துண்டுக்கு அல்ல.

இவ்வளவும் தனி மனிதர் கணக்கு. ஊர்க் கணக்கு ஒன்று உண்டு. கொழும்புத் தடத்தில் கட்டணப் போட்டி இன்று நேற்று வந்ததல்ல. நம் பழைய திருநெல்வேலி மாவட்டத்துத் தூத்துக்குடியில் 1906ல் வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனியைப் பதிவு செய்தார். காலியா, லாவோ என்று இரண்டு கப்பல்கள். எதிரே பிரிட்டிஷ் இந்தியா கம்பெனி, மலைபோல். வெள்ளையர் கம்பெனி கொழும்புக் கட்டணத்தை ஒரு ரூபாய்க்கு இறக்கியது. சுதேசிக் கம்பெனி எட்டணாவுக்கு இறங்கியது. உடனே வெள்ளையர், காசே வேண்டாம், ஏறுங்கள், ஒரு குடையும் தருகிறோம் என்றார்களாம். உலகத்திலேயே இதைவிட மலிவான பிரயாணம் இருந்திருக்குமோ? 1908 மார்ச்சில் வ.உ.சி. சிறைப்பட்டார், 1911ல் கம்பெனி கலைக்கப்பட்டது. போட்டியாளனே போய்விட்ட பிறகு எவன் குடை கொடுப்பான்?

கதை கடலோடு முடியவில்லை. லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் இடையே 1977ல் ஃபிரெடி லேக்கர் மலிவு விமானம் விட்டார். பெரிய கம்பெனிகள் தாமும் கட்டணத்தை இறக்கிப் போட்டியிட்டன. 1982 பிப்ரவரியில் லேக்கரின் கம்பெனி திவாலாயிற்று. இன்றைய இந்தியாவிலோ பெரிய கம்பெனியாக வளர்ந்திருப்பது மலிவு விமானமே. உள்நாட்டுப் பிரயாணிகளில் நூற்றுக்கு அறுபதுக்கும் மேற்பட்டோரை இண்டிகோ ஒன்றே ஏற்றிச் சென்ற நிலையில், 2025 டிசம்பரில் விமானிகளின் ஓய்வு நேரத்தைக் கூட்டிய விதிக்கு ஏற்ப அது தயாராகாமல் ஆயிரக்கணக்கான விமானங்கள் ரத்தாயின. மற்றக் கம்பெனிகளின் கட்டணம் கண்டபடி ஏறிற்று. 500 கிலோமீட்டர் வரை 7,500 ரூபாய்க்கு மேல் வாங்கக் கூடாதென்று அரசாங்கமே வரம்பு கட்ட வேண்டியதாயிற்று. மலிவு விமானம் என்பது ஒரு கம்பெனியின் குணம் அல்ல. பக்கத்தில் இன்னொருவன் நிற்கும்வரை நீடிக்கும் நிலைமை.

மதுரையும் இதைக் கண்ட ஊர்தான். 2012 செப்டம்பரில் ஸ்பைஸ்ஜெட் மதுரையிலிருந்து கொழும்புக்குப் பறந்தபோது அதுவே மதுரையின் முதல் சர்வதேச விமானம். இலங்கை அரசாங்கத்தின் மலிவு விமானமான மிஹின் லங்காவும் அந்தத் தடத்தில் வந்தது. 2007ல் தொடங்கிய அந்தக் கம்பெனி நஷ்டத்திலேயே நடந்து 2016ல் மூடப்பட, அதன் தடங்கள் ஸ்ரீலங்கன் கைக்குப் போயின. நஷ்டத்துக்கு விற்ற மலிவு நிலைப்பதில்லை. சிக்கனத்தால் வந்த மலிவு வேறு, எதிரியை ஒழிக்கவோ அரசாங்கத்தின் பெருமைக்கோ விற்ற மலிவு வேறு.

ஆகவே ‘மலிவா, மரியாதையா’ என்று தம்மைத் தாமே கேட்டுக்கொண்டிருப்பதை விட, இரண்டும் நம் பக்கத்திலிருந்து புறப்பட வேண்டும் என்று கேட்பதே நம் ஊரார்க்கு உகந்தது. தூத்துக்குடி வாகைக்குளத்தில் ஓடுபாதையை 3,115 மீட்டருக்கு நீட்டி, புதிய முனையத்தை 2025 ஜூலை 26ல் திறந்தார்கள். தென்காசியிலிருந்து நூறு கிலோமீட்டருக்குள். கொழும்புக்கு மதுரையைவிட இன்னும் பக்கம். வ.உ.சி. கப்பல் விட்ட அந்தத் தடத்தில் அங்கிருந்து ஒன்றல்ல, இரண்டு கம்பெனிகளின் விமானங்கள் புறப்படட்டும். நம் வர்த்தக சங்கத்தாரும் சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினர்களும் இதைக் கேட்டு வாங்க வேண்டும். கூடவே விமான நேரத்துக்குத் தென்காசியிலிருந்து ஒரு நேர் பஸ்ஸையும் விடச் சொன்னால், நான் மேலே போட்ட கணக்கில் அந்த 4,000 ரூபாய் டாக்ஸியை அடித்துவிடலாம்.